நடந்து படிக்கும் வரைபு: இயக்க உணரியும் நம்மட பௌதிகவியல் வகுப்பும்

உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவரிடம் இடப்பெயர்ச்சி - நேர வரைபொன்றைக் கொடுத்துப் படித்திறனைக் கேட்டால் உடனே கணித்துத் தருவார். "சரி மகன், இந்த வரைபு சொல்லுற மாதிரி ஒருக்கா நடந்து காட்டுங்க" என்றால் பலர் திகைத்து நிற்பார்கள். ஏறும் கோட்டை மேட்டில் ஏறுவதாகக் கொள்வோர் உண்டு. கிடைக்கோட்டைச் சீரான நடை என்போரும் உண்டு. உண்மையில் அது அசையாமல் நிற்பதைக் குறிக்கிறது. கணக்கு வருகிறது, பொருள் வரவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப உதவும் எளிய கருவிதான் இயக்க உணரி.

இதன் தத்துவம் நமக்குப் புதிதல்ல. வேனை ரிவர்ஸ் எடுக்கக்குள்ள மதில் கிட்ட வர வர 'பீப் பீப்' என்று எச்சரிக்கிறதே, அதே தத்துவந்தான். கடலில் ஆழம் பார்க்கும் கருவியும் எதிரொலியைக் கொண்டே அளக்கிறது. மலிவாகக் கிடைக்கும் எச்.சி.எஸ்.ஆர். 04 என்னும் உணரி, காதுக்குக் கேளாத 40,000 ஹேர்ட்ஸ் மீடிறனுள்ள ஒலித்துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கும். வெப்பநிலை 30 பாகை செல்சியஸாக இருக்கையில் காற்றில் ஒலியின் கதி செக்கனுக்குச் சுமார் 349 மீற்றர். 2 மீற்றர் தூரத்தில் நிற்கும் பிள்ளையிடம் ஒலி போய்வர ஏறத்தாழ 11.5 மில்லிசெக்கன் செல்லும். நேரத்தைக் கதியால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம் கிடைக்கும். சிறிய ஆர்டுயினோ பலகை ஒன்றின் மூலம் கணினியில் இணைத்தால், செக்கனுக்குப் பல தடவை இவ்வாறு அளந்து திரையில் புள்ளியிடலாம். பிள்ளை நடக்க நடக்க வரைபு வளரும்.

'நடக்க நடக்க' என்பதில்தான் விசயமே இருக்கிறது. 1987இல் ஹெதர் பிரசெல் என்ற ஆய்வாளர் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவரிடையே செய்த ஆய்வில், ஒரே பாடவேளையில் உணரியுடன் பயின்றவர்கள் வரைபை நன்கு விளங்கிக்கொண்டார்கள். ஆனால் வரைபு அரை நிமிடத்துக்கும் குறைவாகத் தாமதித்துத் தோன்றியபோது அந்த நன்மையின் பெரும்பகுதி இல்லாமற் போனது. ஆகவே பயன் கருவியின் பளபளப்பில் இல்லை. காலும் கண்ணும் ஒரே கணத்தில் ஒன்றைக் காண்பதில் இருக்கிறது.

தமிழ்மொழி மூலம் கற்கும் பிள்ளைக்குக் கலைச்சொல்லும் ஒரு தடை. பேச்சில் கதி என்றால் 'என்ர கதி இப்படியாப் போச்சே' என்கிற கதி. பாடத்தில் அது திசை பாராத விரைவு. பேச்சில் வேகம் வெறும் விரைவு. பாடத்தில் அதற்குத் திசையும் உண்டு. தமிழ்நாட்டு நூலை எடுத்தால் குழப்பம் இன்னும் கூடும். நம்மட கதி அங்கே வேகம். நம்மட வேகம் அங்கே திசைவேகம். ஆர்முடுகல் அங்கே முடுக்கம். உணரியை விட்டு விலகி நடந்த பிள்ளை திரும்பி அதை நோக்கி வரும்போது, திரையில் வேகக்கோடு பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். கதி ஒருநாளும் அப்படி இறங்காது. இதை ஒருமுறை கண்ட பிள்ளைக்கு அந்த இரு சொற்களும் பிறகு மாறிப்போகா. முடுகுதல் என்றால் விரைதல்; சந்தப் பாடலில் அடி விரைந்தோடுவதையும் முடுகு என்கிறோம். மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக நடையை விரைவாக்கினால் கோடு மேல்நோக்கி வளையும். அந்த வளைவே ஆர்முடுகல்.

செய்யும்போது சில விசயங்களைக் கவனிக்க வேண்டும். இந்த உணரி 2 சென்ரிமீற்றர் முதல் 4 மீற்றர் வரையே அளக்கும். தளர்ந்து அசையும் அபாயாவோ சாறமோ ஒலியை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். மாணவர் நெஞ்சுக்கு நேரே ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் வரைபு தெளிவாக வரும். பிள்ளைகள் வரைபை முதலில் ஊகித்துக் கொப்பியில் வரைய வேண்டும், மறுகாதான் நடக்க வேண்டும். ஊகம் பிழைக்கும் இடத்தில்தான் படிப்புத் தொடங்குகிறது. உணரி கிடைக்காவிட்டால் ஆசிரியரின் கைபேசியும் உதவும். ஜேர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபைஃபொக்ஸ் என்னும் இலவசச் செயலி, போனுக்குள் உள்ள ஆர்முடுகல்மானியின் அளவீட்டை வரைபாகக் காட்டும். புதுடில்லியில் ஃபீனிக்ஸ் திட்டத்தின் கீழ் உருவான எக்ஸ்பைஸ் என்னும் குறைந்த செலவு ஆய்வுக்கருவியிலும் இத்தகைய தூர உணரியை இணைக்கலாம்.

நமது உயர்தரப் பரீட்சையில் செய்முறை அறிவு எழுத்துத் தாளிலேயே சோதிக்கப்படுகிறது. எனவே ஆய்வுகூடத்தைத் திறக்காமலே விடையை மனனம் செய்து எழுதிவிடலாம். புள்ளி வரும், பல்கலைக்கழகத்துக்குப் போனபின் குறை தெரியும். ஒளியியலை இருட்டறையில் சோதித்து நிறுவிய இப்னு அல்-ஹைதம், அச்சோதனையை 'இஃதிபார்' என்றார். அவர் பெயரை மேடைகளில் பெருமையாகச் சொல்லும் நாம், அவர் வழியை வகுப்பில் கைவிடலாகாது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஆளுக்கொரு உணரித் தொகுதி வாங்கிக் கொடுப்பது பெரிய செலவல்ல. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. ஆசிரியர்களுக்கான பயிற்சியை அங்கே கேட்டுப் பெறலாம். பயிற்சி முதலில், கருவி பிறகு. அல்லாவிட்டால் உணரியும் அலுமாரியில் பூட்டுண்டு கிடக்கும்.