ஒரு ஸ்பூன் ஆயில்

"கம்ப்ரஷன் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று மெக்கானிக் சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். "ஆயில் ஊத்திப் பார்த்தீங்களாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முழித்தால் வண்டியை அங்கே விடாதீர்கள். நானும் மெக்கானிக்தான், தொழில்காரர்கள் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.

பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டருக்குள் இருக்கும் காற்றும் பெட்ரோலும் நெருக்கப்படுகின்றன. அந்த அழுத்தம்தான் கம்ப்ரஷன். பெரும்பாலும் அது கசிவது ரிங் ஓரமாக, வால்வு வழியாக, இல்லையென்றால் ஹெட் கேஸ்கட்டில்.

என்னிடம் அதிகம் வருவது பழைய மாருதி 800. 796 சிசி, மூன்றே சிலிண்டர். ஒன்று சோர்ந்தாலும் வண்டி நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். அப்படி நடுங்கிக்கொண்டு வந்தது ஒரு கேஸ் வண்டி. இன்ஜினைச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் கம்ப்ரஷன் மீட்டரை வைத்து, டிரைவர் தம்பியை ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்கச் சொன்னேன். மிதிக்காவிட்டால் உள்ளே போதிய காற்று போகாது, மீட்டர் பொய் சொல்லும். பேட்டரி சோர்ந்திருந்தாலும் அதே கதைதான்.

ஓரத்துச் சிலிண்டர்கள் இரண்டும் 170 பிஎஸ்ஐ பக்கம் காட்டின. நடுவில் 95. பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அடித்தோம். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து முள் ஏறும். ஏறவில்லை. ஆக, ரிங் மேல் பழியில்லை.

அடுத்தது காதுக்கு வேலை. அந்த பிஸ்டனை, வால்வுகள் மூடியிருக்கும் நிலையில் உச்சிக்குக் கொண்டுவந்து, கம்ப்ரஸர் காற்றை ஏற்ற வேண்டும். கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட். ஆயில் மூடியில் ஊதினால் ரிங். இதில் சைலன்சர் சீறியது: எக்ஸாஸ்ட் வால்வு.

கேஸ் வண்டிகளில் இது சகஜம். வால்வு சீட் தேய்ந்து, வால்வு மேலேறி, டாப்பெட் கேப் இல்லாமல் போய்விடும். வால்வு முழுசாக மூடாது. அப்படியே ஓட்டினால் கருகும். இது கருகியிருக்கவில்லை. கேப்பைச் சரிசெய்ததும் முள் 160 தொட்டது.

மூன்றும் ஒரே அளவில் குறைந்திருந்தால் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு மட்டும் விழுந்தால் கேஸ்கட் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆயில் விட்டதும் முள் ஏறி, சைலன்சரில் நீலப்புகையும் வந்தால் இன்ஜினை இறக்குங்கள். நான் குறுக்கே நிற்கமாட்டேன்.