பக்க எண்ணுக்கும் உரிமை கேட்டார்கள்

அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பதிப்புரிமை கிடையாது. அவை மக்கள் சொத்து. ஆனாலும் அவற்றை இணையத்தில் தேடித்தரும் தொழில் நெடுங்காலமாக வெஸ்ட்லா, லெக்சிஸ் என்ற இரண்டு சேவைகளின் பிடியில்தான் இருக்கிறது.

முன்தீர்ப்பைக் காட்டி வாதாடும் வழக்கறிஞர் தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் குறிப்பிட்டாக வேண்டும். அந்தத் தொகுதிகளில் பெரும்பாலானவற்றை அச்சிட்டது வெஸ்ட்லாவைத் தொடங்கிய வெஸ்ட் நிறுவனம். போட்டியாளர் தீர்ப்பை வெளியிடலாம். ஆனால் வெஸ்ட்டின் பக்க எண்ணைச் சேர்த்தால் அன்று வழக்கு வந்தது. 1986இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் வெஸ்ட் பக்கம் நின்றது. 1998இல் நியூயார்க்கில் இன்னொன்று பக்க எண் மீதான உரிமையை மறுத்தது. நியாயமான தீர்ப்பு, ஆனால் தாமதமாக வந்தது. அதற்குள் 1996இல் தாம்சன் நிறுவனம் சுமார் 340 கோடி டாலருக்கு வெஸ்ட்டை வாங்கியிருந்தது.

இன்று வேறொரு வழியும் உண்டு: ஹார்வர்டு சட்டப் பள்ளி நூலகம் ஸ்கேன் செய்த சுமார் 67 லட்சம் தீர்ப்புகளை 2024 முதல் யாரும் கட்டுப்பாடின்றி இலவசமாகப் படிக்கலாம்.