பளபளக்கும் பழைய மணிக்கூடு

பொகவந்தலாவையில் மணிக்கூடு கட்டாமலே வாழ்ந்து முடித்த தலைமுறைகள் உண்டு. தோட்டத்தில் விடியற்காலையில் தப்பு அடித்தால் எழும்ப வேண்டும், பெரட்டுக்குப் போக வேண்டும்; தொழிற்சாலைச் சங்கு ஊதினால் நேரம் தெரிந்துவிடும். மணிக்கூடு துரையின் கையிலும் கணக்கப்பிள்ளையின் கையிலும் இருந்தது. பஜாரில் கடை வைத்திருந்த நம்மவர்களுக்கோ பள்ளிவாசல் சுவர் மணிக்கூடும் பாங்குச் சத்தமும் போதுமாயிருந்தன. பிறகு வளைகுடாவுக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது சீக்கோவும் சிட்டிசனும் கட்டி வந்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கட்டிவிடும் மணிக்கூடும் அதுவாகவே ஆயிற்று.

இப்போது புது ஆசை ஒன்று பிறந்திருக்கிறது. கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் பிள்ளைகள், புதிய மணிக்கூடு வேண்டாம், ஐம்பது அறுபது வருடத்துப் பழைய ஒமேகாதான் வேண்டும் என்கிறார்கள். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், தன் திருமணத்துக்கென்று உம்மா சேர்த்து வைத்த பணத்தில் அப்படி ஒன்றை வாங்கப் போவதாகவும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்றும் கேட்டு எழுதியிருந்தார். தொழுகை நேரம் பார்த்துப் பார்த்தே மணிக்கூட்டின் மேல் பிரியம் வந்தவன் நான். அது அவருக்குத் தெரியும். பணம் உம்மாவுடையது என்பதால் பதிலை உம்மாமாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பழையதற்கு ஏன் இந்த விலை? 1969 டிசம்பர் 25இல் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் பற்றறியில் ஓடும் முதலாவது குவாட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின் மலிவான மணிக்கூடுகள் உலகெங்கும் பெருகின. 1970இல் சுமார் 90,000 பேர் வேலை செய்த சுவிட்சர்லாந்தின் மணிக்கூட்டுத் தொழிலில் 1980களின் நடுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே எஞ்சினர். சாவி கொடுத்து ஓடும் மணிக்கூடுகளைச் சனங்கள் பெட்டியில் போட்டு மறந்தார்கள். மறந்ததையே பின்னர் தேடத் தொடங்கினார்கள். 2017இல் நியூயோர்க்கில், நடிகர் போல் நியூமன் கட்டிய பழைய ரோலெக்ஸ் ஒன்று 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. ஒரு மணிக்கட்டுக்கு இவ்வளவா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பணம் இப்படி ஓடும் இடத்துக்குப் போலியும் ஓடி வரும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சகோதரிகளே, நகை வாங்கும்போது நீங்கள் பளபளப்பைப் பார்ப்பீர்கள். பழைய மணிக்கூட்டில் சந்தேகப்பட வேண்டிய முதல் அடையாளமே அந்தப் பளபளப்புத்தான். அறுபது வயதுள்ள டயல் சற்று மஞ்சளித்திருக்கும், ஓரத்தில் புள்ளி விழுந்திருக்கும். அது குறையல்ல. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதன் எழுத்துகள் மெல்லியதாக, சீராக இருக்கும். மீண்டும் வர்ணம் பூசிய டயலில் எழுத்து தடித்து, கோணி நிற்கும். நிமிடக் கோடுகள் ஒரே அளவாக இரா. மும்பாயில் இப்படிப் புதுப்பித்து உலகமெங்கும் விற்கிறார்கள். சேகரிப்போர் அவற்றுக்கு ‘மும்பாய் ஸ்பெஷல்’ என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் ஒன்றினுடையது, இயந்திரம் இன்னொன்றினுடையது, கூடு மூன்றாவதினுடையது. ஓடத்தான் செய்யும், ஆனால் நீங்கள் காசு கொடுத்த மணிக்கூடு அதுவல்ல.

கூட்டையும் விரலால் தடவிப் பாருங்கள். அடிக்கடி தேய்த்து மெருகேற்றிய கூடு, பாவித்த சவர்க்காரக் கட்டி போல மூலைகள் உருண்டிருக்கும். பின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒமேகாவின் இயந்திரத்தில் தொடர் இலக்கம் பொறித்திருக்கும். அதை வைத்து எந்த வருடத்தது என்று ஏறக்குறைய அறியலாம். விற்பவர் சொல்லும் வருடமும் அதுவும் ஒத்துவர வேண்டும். திறந்து காட்ட மறுப்பவரிடம், படம் அனுப்ப மறுப்பவரிடம், ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கொடுக்கல் வாங்கலில் அடிக்கடி ஏமாந்த ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது, “வியாபாரம் செய்யும்போது ‘ஏமாற்று இல்லை’ என்று சொல்லிக்கொள்” என அவருக்குச் சொன்னார்கள். ஸஹீஹுல் புகாரியில் உள்ள ஹதீஸ் இது. அந்த வார்த்தையை விற்பவரிடம் எழுத்திலேயே வாங்குங்கள். டயல் பூசியதா, எந்தப் பாகம் மாற்றியது, கடைசியாக எப்போது கழற்றிச் சுத்தம் செய்தது, சொன்னது பொய்யானால் திருப்பி எடுப்பாரா. முதல் மணிக்கூடு ரோலெக்ஸாகவோ ஒமேகாவாகவோ இருந்தாக வேண்டியதுமில்லை. 1886இல் மும்பாயில் தொடங்கிய சுவிஸ் நிறுவனமான வெஸ்ட் எண்டின் ‘சோவார் பிரைமா’ நம் முன்னோர் காலத்துப் பெயர். சோவார் என்றால் குதிரைவீரன்.

வாங்கும் விலையோடு திருத்தச் செலவையும் கூட்டுங்கள். எண்ணெய் காய்ந்த இயந்திரம் ஓட ஓடத் தேயும். பழைய றப்பர் வளையம் நீரைத் தடுக்காது. நாளுக்கு ஐந்து வேளை வுழூ செய்பவரின் கையில் அது எத்தனை நாள் தாங்கும்? கழற்றி வைத்துவிட்டுத்தான் வுழூ செய்ய வேண்டும். எங்கள் ஊர் மூடுபனியிலும் தென்மேற்குப் பருவமழையிலும் கண்ணாடிக்குள் ஆவி படிந்தால், அன்றே திருத்துபவரிடம் கொடுங்கள்.

இருட்டில் ஒளிரும் எண்கள் உள்ளவற்றில் தனிக் கவனம் தேவை. 1960களின் தொடக்கம் வரை பல மணிக்கூடுகளில் அதற்கு ரேடியம் பூசினார்கள். அமெரிக்காவில் நியூ ஜேர்சியின் ஒரேஞ்ச் நகரில் 1917இலிருந்து அந்த வேலையைச் செய்தவர்கள் இளம்பெண்கள். தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பல் உதிர்ந்து, தாடையெலும்பு அழுகிப் பலர் இறந்தார்கள். ஐந்து பெண்கள் வழக்காடி 1928இல் நட்டஈடு பெற்றார்கள். அந்த எண்கள் இன்று ஒளிராமல் கறுத்திருக்கலாம். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடங்கள் வேண்டும். கண்ணாடி உடைந்தால் அந்தத் தூளை ஊதவோ சுரண்டவோ கூடாது. பிள்ளைகளின் கையில் விளையாடக் கொடுக்கவே கூடாது. டயலின் அடியில் ‘டீ’ என்ற ஆங்கில எழுத்துத் தனியாக இருந்தால், அது பின்னாளில் வந்த, ஆபத்துக் குறைந்த ட்ரிட்டியம்.

தங்கக் கூடு ஆண்களுக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். 0.750 என்று பொறித்திருந்தால் 18 கரட், 0.585 என்றால் 14 கரட். ‘20 மைக்ரோன்’ என்றிருந்தால் மேற்பூச்சு. நெருப்பில் காட்டினால் தங்கம் பிரிந்து திரளுமா என்பதே ஷாபிஈ நூல்கள் இதற்கு வைக்கும் அளவுகோல். அந்தளவு தடித்த பூச்சை விட்டுவிடுவதே பேணுதல். உருக்குக் கூடு வாங்கினால் இந்தக் கேள்வியே எழாது.

வெளியில் வாங்குமுன் வீட்டு அலுமாரியையும் திறந்து பாருங்கள். மர்ஹூம் வாப்பாவின் மணிக்கூடு அங்கே கிடக்கலாம். அதைத் துலக்கவும் வேண்டாம், பழைய சாமான் வாங்க வருபவரிடம் சில்லறைக்குக் கொடுக்கவும் வேண்டாம். அறிந்த இரண்டு பேரிடம் பெறுமதி கேளுங்கள். அது மூத்த மகனின் சொத்தென்று பலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல. வீடு, காணி போல அதுவும் வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. மனைவிக்கும் மகள்மாருக்கும் அதில் பங்குண்டு. மூத்தவர் அதைத்தான் விரும்பினால் பெறுமதியை அவருடைய பங்கில் கழித்துக்கொள்ளலாம்; மற்றவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுக்கவும் செய்யலாம். வயது வராத பிள்ளையின் பங்கை மட்டும் உம்மாவாலும் விட்டுக்கொடுக்க முடியாது.