நிலாவுக்குப் போன ஃபிலிம் மறுபடியும் கடைக்கு வந்த கதை!

கறுப்பு வானம். கீழே சாம்பல் நிறத்தில் நிலாவின் தரை. நடுவே நீலமும் வெள்ளையுமாக, பாதி வெளிச்சத்தில் நம் பூமி. பாடப்புத்தகத்திலோ, செல்போன் வால்பேப்பரிலோ இந்தப் படத்தை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். 1968 டிசம்பர் 24 அன்று, அப்போலோ 8 விண்கலத்தில் நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தபோது வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த படம் அது. அவர் கையில் இருந்தது ஹாசல்பிளாட் கேமரா. அதற்குள் இருந்தது கோடாக் நிறுவனத்தின் எக்டாக்ரோம் கலர் ஃபிலிம்.

அந்த எக்டாக்ரோமை 2012-ல் கோடாக் நிறுத்திவிட்டது. இனி கிடைக்காது என்று எல்லோரும் முடிவுகட்டிய பிறகு, 2019 டிசம்பரில் '120' என்ற அகல ரோலிலும் அது திரும்பி வந்தது.

கையடக்க செல்போனில் நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் காலத்தில், மொத்தமே 12 படம் எடுக்கும் ஒரு ஃபிலிம் ரோல் ஏன் திரும்பி வரவேண்டும்? எப்படித் திரும்பியது? நம் ஊட்டியில் தயாரான ஃபிலிம் மட்டும் ஏன் திரும்பவில்லை?

120 என்பது என்ன?

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஃபிலிம் என்றதும் நினைவுக்கு வருவது, சின்ன டப்பாவில் வரும் 36 படம் எடுக்கும் ரோல். அது 35 எம்.எம். ஃபிலிம். அதற்கும் முந்தைய தலைமுறை ஸ்டூடியோக்காரர்கள் பயன்படுத்தியது 120. யாஷிகா, ரோலிஃப்ளெக்ஸ் போன்ற இரட்டைக் கண் கேமராவைக் கழுத்தில் மாட்டி, மேலிருந்து குனிந்து பார்த்துக் கல்யாணப் படம் எடுப்பார்களே, அதற்குள் ஓடியது இந்த ரோல்தான். வீடுகளில் இருந்த அக்ஃபா கிளிக் பெட்டிக் கேமராவுக்கும் இதே ரோல்தான்.

1901-ல் கோடாக் தன் பிரவுனி கேமராவுக்காகக் கொண்டுவந்த அளவு இது. அகலம் சுமார் 6 சென்டிமீட்டர். ஓரத்தில் துளைகள் கிடையாது. வெளிச்சம் படாமல் இருக்க, ஃபிலிமின் முதுகில் ஒரு நீளக் காகிதத்தையும் சேர்த்துச் சுருட்டியிருப்பார்கள். அந்தக் காகிதத்தில் அச்சடித்த எண், கேமராவின் பின்பக்கச் சிவப்பு ஜன்னலில் தெரியும். 1, 2, 3 என்று பார்த்துப் பார்த்துச் சுற்றவேண்டும்.

சதுரப் படம் என்றால் ஒரு ரோலில் 12. ஆனால் அந்த ஒவ்வொரு படமும் 35 எம்.எம். படத்தைப்போல சுமார் மூன்றரை மடங்கு பெரியது. பெரிதாக்கி பிரிண்ட் போட்டாலும் முகம் கலங்காது. பழைய கல்யாண ஆல்பங்களில் பட்டுப்புடவையின் ஜரிகைகூடத் தெளிவாகத் தெரிவதற்கு இந்த அளவும் ஒரு காரணம்.

ஏன் நின்றது?

எக்டாக்ரோம் சாதாரண நெகட்டிவ் ஃபிலிம் அல்ல. நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும், கறுப்பு வெள்ளையாகவும் தெரியும். எக்டாக்ரோமைக் கழுவி எடுத்தால், நேரே அசல் நிறத்திலேயே படம் வந்துவிடும். இதைத்தான் ஸ்லைடு ஃபிலிம் என்பார்கள். சினிமா தியேட்டரில் படம் தொடங்குவதற்கு முன் ஜவுளிக்கடை விளம்பரத்தை ஸ்லைடு போட்டுக் காட்டியது நினைவிருக்கிறதா? அதே வகை.

வெளிச்சத்துக்குப் பிடித்தாலே நிறம் ஜொலிக்கும். அதனால் பத்திரிகைகளும் விளம்பர நிறுவனங்களும் பல ஆண்டுகள் ஸ்லைடு ஃபிலிமையே நம்பியிருந்தன. ஆனால் இது மன்னிக்காத ஃபிலிம். வெளிச்சக் கணக்கு கொஞ்சம் தப்பினாலும் படம் வெளிறிவிடும், இல்லையென்றால் இருண்டுவிடும்.

டிஜிட்டல் கேமரா வந்ததும் முதலில் கைகழுவப்பட்டது ஸ்லைடு ஃபிலிம்தான். 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. மார்ச்சில் எக்டாக்ரோம் வகைகளை நிறுத்துவதாக அறிவித்தது.

நிறுத்துவது சுலபம், தொடங்குவது?

2017 ஜனவரியில், அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த மின்னணுப் பொருட்கள் கண்காட்சியில், எக்டாக்ரோமைத் திரும்பக் கொண்டுவருவதாகக் கோடாக் அறிவித்தது. சொன்னபடி உடனே வந்துவிடவில்லை. 35 எம்.எம். ரோல் கடைக்கு வர 2018 செப்டம்பர் ஆனது. 120 ரோலுக்கு மேலும் ஓர் ஆண்டுக்குமேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன் இவ்வளவு தாமதம்? ஒரு கலர் ஃபிலிம் என்பது பார்க்கத்தான் ஒரே ஒரு தகடு. அதன்மேல் ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்புகளும் நிறம் தரும் ரசாயனங்களும் பல அடுக்குகளாகப் பூசப்பட்டிருக்கும். எல்லா அடுக்கும் சேர்ந்தாலும் தலைமுடியைவிட மெல்லியதுதான். அதையும் கும்மிருட்டில் பூசவேண்டும்.

பழைய செய்முறை கையில் இருந்தால் மட்டும் போதாது. அதில் சொல்லியிருக்கும் ரசாயனத்தைத் தயாரித்துத் தந்த நிறுவனம் இன்று அதைச் செய்யாமல் இருக்கலாம். பாட்டியின் கைப்பக்குவம் எழுதிய நோட்டு இருந்தாலும், அதில் சொன்ன அரிசி ரகம் சந்தையில் இல்லையென்றால் என்ன செய்வது? மாற்றுப் பொருளைத் தேடி, சோதித்து, மறுபடி கலந்து பார்க்கவேண்டும். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் உள்ள கோடாக் ஆலையில் நடந்தது இதுதான். 120 ரோலுக்கு இதோடு வேலை முடியாது. ஃபிலிமை வேறு அகலத்தில் வெட்டி, முதுகுக் காகிதத்தோடு சேர்த்துச் சுருட்டவேண்டும்.

ஜப்பானிலும் இதேபோல ஒன்று நடந்தது. அக்ராஸ் என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிமை நிறுத்துவதாக 2018-ல் ஃபுஜி நிறுவனம் அறிவித்தது. விற்பனை குறைந்தது ஒரு காரணம். மூலப்பொருள் கிடைக்காதது இன்னொரு காரணம். ரசிகர்கள் விடாமல் கேட்டார்கள். மாற்று மூலப்பொருளைக் கண்டுபிடித்து, 2019 நவம்பரில் 'அக்ராஸ் 2' என்ற பெயரில் 35 எம்.எம்., 120 இரண்டிலும் திரும்பக் கொண்டுவந்தது ஃபுஜி.

திரும்பாத இரண்டு

எக்டாக்ரோமைவிடப் புகழ்பெற்ற இன்னொரு கோடாக் ஃபிலிம், கோடாக்ரோம். 2009-ல் நின்றது. அதையும் கொண்டுவரச் சொல்லி ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இன்றுவரை வரவில்லை. அதைக் கழுவுவதற்கென்றே தனியான, சிக்கலான ஒரு முறை உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இருந்த கடைசி லேப், 2010 டிசம்பரோடு அந்த வேலையை நிறுத்திக்கொண்டது. கழுவ இடமில்லாத ஃபிலிமைத் தயாரித்து என்ன பயன்? எக்டாக்ரோமைக் கழுவும் ஈ-6 முறையை ஃபுஜியின் ஸ்லைடு ஃபிலிமுக்காகப் பல லேப்கள் அணையாமல் காத்து வந்தன. அதனால்தான் எக்டாக்ரோமுக்குத் திரும்பிவர வழி இருந்தது.

இன்னொன்று நம்முடையது. ஊட்டியில் மத்திய அரசு நடத்திய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். 1960-ல் தொடங்கப்பட்ட நிறுவனம், பிரான்ஸ் நாட்டுத் தொழில்நுட்ப உதவியுடன் 1967-ல் உற்பத்தியில் இறங்கியது. ஃபிலிமுக்குப் பெயர் 'இந்து'. சந்திரன் என்று பொருள். கறுப்பு-வெள்ளை சினிமா ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், ஸ்டூடியோ ரோல், பிரிண்ட் போடும் காகிதம் எல்லாம் அங்கிருந்து நாடு முழுக்கப் போயின. ஆலை இருந்த பகுதிக்கே இந்து நகர் என்று பெயர்.

1990-களில் நிறுவனம் நலிந்தது. நஷ்டம் ஏறியது. தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் வெளியேற, ஆலை மூடப்பட்டது. கோடாக் நிறுத்தியது ஒரு ஃபிலிமைத்தான். மற்ற ஃபிலிம்களுக்காக இயந்திரமும், அதை இயக்கத் தெரிந்தவர்களும் ராச்செஸ்டரில் தொடர்ந்து இருந்தார்கள். ஊட்டியில் எல்லாமே ஒன்றாக நின்றுபோனது. இருட்டில் விரல் நுனியால் வேலை பார்க்கப் பழகியவர்களின் அனுபவம் அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை. ஒரு பொருள் நின்றால் திரும்பலாம். அதைச் செய்யத் தெரிந்த கைகள் கலைந்துபோனால் திரும்புவது மிகக் கடினம்.

உங்கள் வீட்டு பீரோவில் பாருங்கள்

தாத்தா பாட்டி கல்யாண நெகட்டிவ்கள் வீட்டில் இருக்கலாம். சதுரமாக, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் இருந்தால் அது 120 ரோலில் எடுத்ததாக இருக்கலாம். ஓரத்தில் உள்ள எழுத்தைப் படித்துப் பாருங்கள். ஊட்டியின் 'இந்து'வாகவும் இருக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

* ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். விரல் ரேகை படிந்தால் போகாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டாம்.
* பிளாஸ்டிக் கவரில் அடைக்காமல், காகித உறையில் தனித்தனியாக வையுங்கள். ஈரமில்லாத, சூடில்லாத இடம் நல்லது.
* வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.
* ஸ்கேனர் இல்லையா? லேப்டாப் திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, நெகட்டிவை இரண்டு விரல் தள்ளிப் பிடித்து, செல்போனில் படம் எடுங்கள். போட்டோ எடிட்டிங் ஆப்பில் நிறத்தைத் தலைகீழாக மாற்றினால் முகங்கள் தெரிந்துவிடும்.

எக்டாக்ரோம் ரோலை இன்றும் காசு கொடுத்து வாங்கலாம். ஊட்டி ஃபிலிமில் எடுத்த படங்களோ நம் வீட்டுப் பெட்டிகளில் இருப்பவை மட்டும்தான். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு படத்திலும் யார் யார் என்று கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.