அறுபதைக் கடந்த விவசாயி வண்டி ஓட்டலாமா?

வேப்பம்பட்டில் சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலை ஓரமாக மாலை ஆறரை மணிக்குச் சற்று நின்று கவனித்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். ஆவடிப் பக்கமிருந்து காரும் லாரியும் பேருந்தும் விளக்கைப் போட்டுக்கொண்டு விரைந்து வரும். அவற்றின் ஊடே, காலடியில் 45 கிலோ யூரியா மூட்டையும் பின்னால் ஒரு புல்லுக்கட்டுமாக, நரைத்த தலையுடன் ஒரு விவசாயி மொபெட்டில் ஊர் திரும்புவார். புல்லுக்கட்டு பின்விளக்கை மறைத்திருக்கும்.

டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் விற்பனைக்கு வந்தது. அன்று இருபத்தைந்து வயதில் அதை வாங்கியவருக்கு இன்று எழுபது வயதாவது ஆகியிருக்கும். அவருடைய தகப்பனாரும் எழுபது வயதில் கழனிக்குப் போனவர்தான். ஆனால் மாட்டு வண்டியில் போனார். வண்டியோட்டி கண்ணயர்ந்தாலும் மாடு வழி பார்த்து வீடு கொண்டுவந்து சேர்க்கும். எதிரே பள்ளமென்றால் நின்றுவிடும். என்ஜினுக்கு அந்தப் புத்தி கிடையாது. வண்டியோடு வண்டியாக முதுமை அடையும் முதல் தலைமுறை விவசாயிகள் இவர்களே. ஆகவே இவ்விஷயத்தில் பெரியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

அறுபது வயதானால் வண்டியைத் தொடக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. வண்டி இல்லாவிட்டால் உரக்கடை, பால் சங்கம், வங்கி எல்லாவற்றுக்கும் பிறர் தயவு வேண்டும். இடைஞ்சல் வயதில் இல்லை. கண், மருந்து, புறப்படும் நேரம் ஆகிய மூன்றில்தான் இருக்கிறது. இவற்றுள் கண்தான் முதன்மையானது.

வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சுருங்குகிறது. உள்ளேயுள்ள லென்ஸ் பழுத்து மஞ்சளாகிறது. இருபது வயதில் விழித்திரைக்குச் சேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் சேருகிறது. கண்புரை தொடங்கிவிட்டால் எதிர்வண்டி விளக்கின் ஒளி கண்ணுக்குள் சிதறி, சில விநாடிகள் முன்னே எதுவும் தெரியாது. பகலில் இக்குறை வெளிப்படுவதில்லை. அதனால்தான் "எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறதே" என்று பலரும் மனதாரச் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு நாள் இருட்டிய பின் திரும்புகையில், விளக்கில்லாமல் சாலையோரம் நின்ற டிரெய்லரைப் பத்தடி தூரத்தில்தான் கண்டேன். தப்பியது என் திறமையால் அல்ல. மறுவாரம் பரிசோதித்ததில் வலது கண்ணில் புரை.

ஓட்டுநர் உரிமத்துக்கான படிவத்திலேயே ஒரு சோதனை இருக்கிறது. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் நம்பரைப் படிக்க முடிகிறதா என்பது கேள்வி. நம்மில் பலர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். காரிலிருந்து சுமார் 32 எட்டு நடந்து நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் படித்துப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். கண்ணாடி அணிபவர் அணிந்துகொண்டே பார்க்கலாம்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போகிறது. பிரேக்கைப் பிடிக்க அரை விநாடி தாமதித்தால் ஐந்தரை மீட்டர், அதாவது ஒரு மாட்டு வண்டியின் நீளம், கைவிட்டுப் போகும். அடுத்து மருந்து. சர்க்கரை நோய்க்குச் சில வகை மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் நடவு பார்க்கக் கிளம்பினால், வழியில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும், தலை சுற்றும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் மாத்திரைகள் பல தூக்கத்தைத் தரும். புதிய மாத்திரை எழுதிக் கொடுத்தால், "இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டலாமா?" என்று டாக்டரைக் கேட்பது நலம்.

பூச்சிமருந்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அது எங்கள் துறைக்கு உரியது. குளோர்பைரிபாஸ், டைமெத்தோயேட் போன்ற மருந்துகள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் ஏறினால் கண்ணின் பாவை ஊசி முனையாகச் சுருங்கும், பார்வை மங்கும், தலை கனக்கும். ஏற்கெனவே சுருங்கிய முதியவரின் பாவை இன்னும் சுருங்கினால் அந்தி வெளிச்சத்தில் சாலை எப்படித் தெரியும்? மருந்து அடித்த கையோடு வண்டி எடுக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் குளித்து, உடை மாற்றி, உடம்பு தெளிவாக இருந்தால் மட்டுமே கிளம்ப வேண்டும். மார்பு இறுக்கமோ வாந்தியோ இருந்தால் பிறர் ஓட்டும் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்து டப்பாவின் லேபிளும் கூடவே போகட்டும்.

டிராக்டர் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உழவின்போது திருப்புவதற்காக இடது, வலது பிரேக் பெடல்களைப் பிரித்து வைக்கிறோம். சாலைக்கு ஏறுமுன் கொக்கியால் அவ்விரண்டையும் இணைக்காவிட்டால், அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்து வண்டி ஒருபக்கம் இழுத்துக் கவிழும். இளைஞரும் மறப்பதுண்டு, ஆனால் ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்துச் சமாளிக்கும் வேகம் முதியவருக்கு இராது. டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டச் செலவு அதிகமில்லை.

புறப்படும் நேரத்தை மாற்றுவதற்குக் காசே வேண்டாம். உரம் வாங்குவதைக் காலை பத்து மணிக்கு வைத்துக்கொள்ளலாம். விடியுமுன் கோயம்பேட்டுக்குப் போகும் பூவையும் கீரையையும் அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்பலாம். நெடுஞ்சாலையில் வலப்புறம் திரும்புகையில் கழுத்து திரும்பவில்லையானால், ஓரங்கட்டி இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு கடப்பதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: அப்பாவின் சாவியை ஒளித்து வைக்காதீர்கள். அவர் கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போவார். முதலில் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, 55 வயதுக்கு மேல் உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்றும் வேண்டும். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். உரிமம் இல்லாமல் விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியுடன் வழக்காடும் நிலை வரும். நிலத்தை விற்று ஈடு கட்ட நேரிடலாம்.

கண்புரை அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யப்படுகிறது. வேப்பம்பட்டிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து 1819-ல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குச் செல்லலாம். நவரை நடவுக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட ஓய்வு நாட்கள் இதற்கு ஏற்றவை. அறுவைக்குப் பின் சேற்றில் இறங்குவதும் வண்டி எடுப்பதும் எப்போது என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.