எட்டு வாரத்துக்கு ஒரு வீடு

இந்தியத் தெருநாய்கள் பெரும்பாலும் மழை ஓய்ந்து பனி இறங்கும் பருவத்தில் குட்டி போடும். ஆரணியில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் அரிசி ஆலைச் சுவரோரத்திலும் பாலத்தடியிலும் கண் திறக்காத குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். அவற்றில் எத்தனை பிழைக்கும்? கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சிக் கழகத்தின் அனிந்திதா பத்ராவும் அவர் குழுவினரும் மேற்கு வங்கத் தெருக்களில் 364 குட்டிகளைப் பின்தொடர்ந்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு மாதம் வரை உயிரோடு இருந்தவை 19 விழுக்காடு. இறப்புகளில் 63 விழுக்காட்டுக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர்கள் காரணம். பனியும் பசியும் நோயும் மீதிக்குத்தான்.

இந்தக் குட்டிகளைப் பார்த்து மனம் கேட்காதவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது விலங்குக் காப்பகம். ஆரணிக்காரர்களுக்கு மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலையில் ஒரு காப்பகம் உண்டு. சென்னைக்குப் போனால் புளூ கிராஸ் உண்டு. ஆனால் பால்குடி மறக்காத குட்டிக்குக் காப்பகம் ஏற்ற இடமல்ல. காப்பகம் நடத்துகிறவர்களே இதைச் சொல்வார்கள். காரணம் அன்புக்குறைவு அல்ல, ஒரு வைரஸ்.

பார்வோ வைரஸ் நாய்களைத் தாக்குவது 1978-இல்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. இரண்டே ஆண்டுகளில் கண்டம் கண்டமாகப் பரவிவிட்டது. நோயுற்ற நாயின் மலத்தில் வெளியேறும் கிருமி மண்ணிலும் சிமென்ட் தரையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். சோப்புத் தண்ணீருக்கு அது அசையாது. பிளீச்சிங் பவுடர் கரைசல் அதை அழிக்கும். குட்டியின் குடலைத் தாக்கினால் இரத்தபேதி, வாந்தி, இரண்டு மூன்று நாளில் சாவு. பிறந்த குட்டிக்குச் சீம்பாலிலிருந்து கிடைக்கும் எதிர்ப்பொருள்கள் சில வாரம் காவல் நிற்கும். ஆறாவது வாரத்திலிருந்து பதினாறாவது வாரத்துக்குள் அவை குறைந்துகொண்டே வரும். இதில்தான் சிக்கல். நோயைத் தடுக்கப் போதாத அளவுக்கு அவை குறைந்த பிறகும், போடுகிற தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும் அளவுக்கு மீதி இருக்கும். எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் இந்த இடைவெளி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஊசியைத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று பதினாறு வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். தினமும் புது நாய்கள் வந்து இறங்கும் காப்பகத்தில் இந்த இடைவெளியைக் கடப்பது குட்டிகளுக்குப் பெரும் கண்டம்.

அதற்கு வழி ஃபாஸ்டர் முறை. காப்பகம் ஒரு குட்டியையோ, தாயோடு சேர்த்து ஈற்று முழுவதையுமோ சில வாரத்துக்கு ஒரு வீட்டில் ஒப்படைக்கிறது. மருந்து, தடுப்பூசி, பிறகு நிரந்தர வீடு தேடுவது ஆகியவை பொதுவாகக் காப்பகத்தின் பொறுப்பு. இடமும் நேரமும் கவனிப்பும் நம்முடையவை. புளூ கிராஸின் பிறப்பே இப்படித்தான். விமானி கேப்டன் வி. சுந்தரம் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை வீட்டுக்குத் தூக்கிவந்தார். 1959-இல் அவர் குடும்பத்தார் வீட்டிலேயே தொடங்கிய வேலை 1964-இல் பதிவுபெற்ற அமைப்பாயிற்று. இன்று ஃபாஸ்டர் வீடுகளின் தேவை முன்னைவிட அதிகம். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களில் உள்ள தெருநாய்களைக் காப்பகங்களுக்கு மாற்றச் சொல்லி 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பெரிய நாய்களுக்கே இடம் போதாத நிலையில் குட்டிகள் எங்கே போகும்?

ஆரணியின் தறி வீடுகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். குழித்தறியில் ஒருவர், தார் சுற்ற ஒருவர், பாவு புணைக்க ஒருவர் என்று பகல் முழுவதும் ஆள் இருக்கும் வீடு அது. இரண்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் வேண்டும், இரவிலும்கூட. அலுவலகத்துக்குப் பூட்டிக்கொண்டு போகும் நகரத்து அடுக்ககத்தில் இது நடக்காது.

ஆனால் பாலுக்கு முன் வெப்பம். பிறந்த குட்டிக்கு நடுங்கத் தெரியாது. முதல் வாரத்தில் அதன் உடல் வெப்பம் 35, 36 டிகிரி செல்சியஸ்தான். தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தே சூடு காக்கும். உடம்பு சில்லிட்ட குட்டிக்கு உடனே பால் புகட்டுவது இரக்கத்தால் செய்யும் கொலை. குளிர்ந்த உடம்பில் குடல் அசையாது, பால் செரிக்காமல் தேங்கும். முதலில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை அருகில் வைத்து மெல்லச் சூடேற்ற வேண்டும். குட்டி சூடு தாங்காமல் விலகிப்போகப் பெட்டியில் இடமும் இருக்க வேண்டும்.

பசும்பால் போதாது. நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், லாக்டோஸ் குறைவு. பசும்பாலை நம்பி வளரும் குட்டிக்கு வயிற்றுப்போக்கு வரும், எடையும் ஏறாது. நாய்க்குட்டிக்கென்று விற்கும் பால்பொடியை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். கைக்குழந்தைபோல் மல்லாத்திப் புகட்டக் கூடாது. நுரையீரலுக்குள் பால் போய்விடும். குப்புறக் கிடக்கவிட்டுத் தலையைச் சற்றே தூக்கிய நிலையில் குடிக்க வேண்டும். மூன்று வாரம்வரை குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கிவிடும் வேலையை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் நாம் செய்ய வேண்டும். தினமும் எடை பார்ப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு நாள் எடை ஏறாவிட்டாலும் கவனிக்க வேண்டும். குறைந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

தறி வீட்டுக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு: நூல். அறுந்த பட்டு இழையோ சரிகைத் துண்டோ தரையில் கிடந்தால் குட்டி விளையாடி விழுங்கிவிடும். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் கீழே தள்ளும். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்ததுபோல் குடல் முழுவதும் மடிந்து சுருங்கும். இழை இறுகி இறுகிக் குடல் சுவரையே அறுத்துவிடும். பூனைக்குட்டிக்கு இது இன்னும் கொடுமை. அதன் நாக்கிலுள்ள முட்கள் பின்னோக்கி வளைந்திருப்பதால் வாயில் புகுந்த நூலை எளிதில் துப்ப முடியாது. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குட்டிகளைத் தறி அறைக்குள் விடாமல் இருப்பதே நல்லது. கம்பி வலைத் தடுப்பு வைத்த நடையோ பின்கட்டோ போதும்.

தறிச் சத்தம் மட்டும் அவற்றின் காதில் விழட்டும். 1961-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவரும் நாய்க்குட்டிகளை மனித வாடையே படாமல் வேலியிட்ட வெளியில் வளர்த்து, வெவ்வேறு வயதில் மனிதரிடம் பழகவிட்டுப் பார்த்தார்கள். பதினான்கு வாரம்வரை மனிதரைக் காணாதவை காட்டு விலங்குபோல் ஒதுங்கின. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை குட்டி எதைப் பார்த்துக் கேட்டுப் பழகுகிறதோ அதற்குப் பின்னாளில் அஞ்சாது. தறி அடிக்கும் ஓசை, குக்கர் விசில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், தள்ளாடி நடக்கும் தாத்தா என எல்லாம் பழகிய நாய் கடிக்கும் வாய்ப்பு குறைவு. காப்பகக் கூண்டால் இதைத் தர முடியாது. குட்டியானாலும் பல்லோ நகமோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

ஃபாஸ்டருக்குத் தயங்குகிறவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பிரிய மனம் வராது. உண்மைதான், வராது. பலர் முதல் குட்டியைத் தாங்களே வைத்துக்கொள்வதும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் அடுத்த குட்டிக்கு அந்த வீடு கிடைக்காது. கொடுத்தனுப்பத் துணிகிற வீடே ஆண்டுக்கு ஆண்டு குட்டிகளைக் கரையேற்றும்.

இன்னொன்று: தனியாகக் கிடக்கும் குட்டிகளை உடனே தூக்கிவராதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கலாம். சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். தாய் வந்தால் அதற்குச் சோறு வைப்பதே பெரிய உதவி. குட்டிகள் பால் மறந்ததும் அதற்குக் கருத்தடை செய்ய ஏற்பாடு செய்யுங்கள்.

ஆரணியிலும் சேவூரிலும் தேவிகாபுரத்திலும் தறி வைத்திருப்பவர்கள் கார்த்திகை பிறக்கும் முன்பே அருகிலுள்ள காப்பகத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். முதல் முறை எடுப்பவர்கள், தட்டில் வைத்ததைத் தானே தின்னும் ஐந்து வாரக் குட்டியாகக் கேளுங்கள். இரண்டாகக் கேட்பது இன்னும் நல்லது. ஒன்றுக்கொன்று துணையாக வளரும்.