போனில் தமிழ் வேதாகமம்: இறக்குவதற்கு முன் பார்க்கவேண்டியவை



"எனக்கும் போன்ல வேதாகமம் போட்டுக் குடு" என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளிடம் கேட்பது இப்போது நம் லயங்களில் சாதாரணம். பிள்ளையும் முதலில் கண்ணில் பட்டதை இறக்கிக் கொடுத்துவிடும். பாட்டிக்கு அதை வாசிக்க முடியாது. தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துப் போனை மூடி வைத்துவிடுவார். பல நேரம் கோளாறு அந்தப் பதிப்பில்தான்.

பி.டி.எஃப். என்பது அச்சுப் பக்கத்தை அப்படியே படம் பிடித்தது போல. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். ஈபப் வகையில் எழுத்துப் பெரிதாகும்போது வரியும் தானாக மடங்கி வரும். வயதானவர்களுக்கு இதுதான் நல்லது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தபோது, பெரிய எழுத்து காகிதத்தை அதிகம் தின்கிறதென்று சிறிய எழுத்து வார்த்தார்கள். போனில் அந்தச் செலவு இல்லை. எவ்வளவு பெரிதாக வேண்டுமோ வைத்துக்கொள்ளலாம்.

பழைய பாமினி எழுத்தில் செய்த கோப்பு சில போன்களில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யுனிகோட் எழுத்தா என்று பாருங்கள்.

பிறகு சங்கீதம் 119ஐத் திறக்கச் சொல்லுங்கள். 176 வசனம் உள்ள நீண்ட அதிகாரம். பொருளடக்கத்தைத் தொட்டவுடன் அங்கே போகிறதா? வசன எண்கள் ஒழுங்காக நிற்கிறதா? புராட்டஸ்டண்ட் பதிப்பின் 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள் இருக்கின்றன. பொருளடக்கம் இல்லாவிட்டால், போதகர் வசனம் சொல்லி ஜெபமும் முடிந்திருக்கும், நாம் இன்னும் தள்ளிக்கொண்டே இருப்போம்.

கத்தோலிக்கக் குடும்பங்கள் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைத் தேடவேண்டும். கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள். அதில் சங்கீதம் "திருப்பாடல்கள்" என்றும், ஆதியாகமம் "தொடக்க நூல்" என்றும் இருக்கும். பெயர் தெரியாமல் புத்தகமே இல்லையென்று சிலர் அழித்துவிடுகிறார்கள். கோயிலில் எது வாசிக்கிறார்களோ அதையே போடுங்கள்.

மலையில் சிக்னல் கிடைப்பது உங்களுக்கே தெரியும். ரீலோட் காசை வீணாக்காமல், வைஃபை உள்ள இடத்தில் இறக்குங்கள். எழுத்து மட்டும் உள்ள முழு வேதாகமமும் சில எம்.பி.தான். பக்கங்களைப் படமாகப் பிடித்தது அதைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இறக்கியதும் டேட்டாவை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். அப்போதும் திறந்தால் காம்பராவிலும் திறக்கும்.

இலவசமாகவே நல்லது கிடைக்கும்போது கார்ட் நம்பர் கேட்கும் இடத்துக்குப் போகவேண்டாம்.